கைச்சைகையும் கணிப்பொறியும்

மனிதர் தம் கருத்தைப் பேச்சாலும் எழுத்தாலும் தெரிவிப்பது போலவே சைகையாலும் தெரிவித்து வருகின்றனர். 'வா', 'நில்', 'வேண்டாம்' என்பவற்றைக் கையசைவினாலேயே உணர்த்திவிடலாம்; சிறு குழந்தையும் அவற்றை அறிந்துகொள்ளும். ஆனால் கணிப்பொறிக்குக் கட்டளையிட வேண்டுமாயின், விசைப்பலகையில் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். அல்லது மௌஸ் எனப்படும் சுட்டெலியை நகர்த்தி, திரையில் உரிய இடத்தைச் சுட்ட வேண்டும். இவ்விரண்டையும் விடுத்து, விரலிலோ மணிக்கட்டிலோ ஒரு சிறு கருவியை அணிந்து, கையை அசைத்தே கணிப்பொறியை இயக்க முடியுமா என்னும் வினா 40 ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்து வருகிறது.

இவ்வினா ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. பள்ளிக்குக் கணிப்பொறி வாங்க முற்படும் தலைமையாசிரியருக்கும், வயல்வெளியில் நின்று கணக்கெடுக்கும் களப்பணியாளருக்கும் இதனோடு தொடர்புண்டு. தன் விரல்களைத் தன் விருப்பப்படி இயக்க இயலாத மாணவனுக்கோ இது கல்வியின் வாயில் திறப்பதா, அடைபடுவதா என்பதையே பொறுத்த வினாவாகும். கடந்த கால் நூற்றாண்டில் பெங்களூரு நகரில் நடைபெற்ற சில முயற்சிகள் இதற்குத் தெளிவான விளக்கம் தருகின்றன. அவற்றை ஆராயுமுன், விசைப்பலகையும் சுட்டெலியும் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குரிய காரணங்களை அறிதல் வேண்டும்.

நிலைத்து நின்ற இரு கருவிகள்

விசைப்பலகை கணிப்பொறியினும் மூத்தது. அமெரிக்க நாட்டினரான கிறிஸ்டோஃபர் ஷோல்ஸ் என்பவரும் அவர்தம் துணைவர்களும் 1868-ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். 1874-இல் ரெமிங்டன் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று ஆங்கில விசைப்பலகையில் காணப்படும் எழுத்து வரிசை பெரும்பாலும் அக்காலத்தில் அமைந்ததேயாகும். சுட்டெலி பிற்காலத்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கல்பார்ட் இதனைக் கருதித் திட்டமிட, அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ் 1964-இல் மரக்கட்டையால் முதல் மாதிரியைச் செய்தார். அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் அது பலர் அறிய இயக்கிக் காட்டப்பட்டது.

இவ்விரு கருவிகளும் நிலைபெற்றமைக்கு நான்கு காரணங்கள் கூறலாம். முதலாவது, கையின் எடையை மேசை தாங்குகிறது. ஒரு மனிதனின் கை, தோள் முதல் விரல் நுனி வரை, உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு இருக்கும். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு ஒரு கையின் எடை சுமார் 3 கிலோகிராம் ஆகிறது. அதனைத் தாங்கும் வேலை மேசைக்கு விடப்படுவதால், தசைகள் நுண்ணிய அசைவுகளை மட்டும் செய்தால் போதும்.

இரண்டாவது, விசை விரலுக்கு விடை கூறுகிறது. அழுத்தியவுடன் விசை சற்றே தாழ்ந்து, பின் எழும்புகிறது; மெல்லிய ஒலியும் கேட்கிறது. கண்ணால் காணாமலே, எழுத்துப் பதிந்தது என்பதை விரல் அறிந்துகொள்கிறது. பெரும்பாலான ஆங்கில விசைப்பலகைகளில் எஃப், ஜே என்னும் இரு விசைகளின் மீது சிறு மேடுகள் அமைத்திருப்பதும் விரல்கள் தம் இடத்தைத் தடவி அறிவதற்காகவே.

மூன்றாவது, விசையில் ஐயத்திற்கு இடமில்லை. ஒரு விசை அழுத்தப்பட்டிருக்கும், அல்லது அழுத்தப்படாதிருக்கும். இடைப்பட்ட நிலை கிடையாது. நான்காவது, கையை எடுத்துவிட்டால் கருவி ஓய்ந்துவிடுகிறது. விசைப்பலகையின் முன் அமர்ந்து ஒருவர் தலையைச் சொறிந்தாலும், தேநீர் அருந்தினாலும், அடுத்தவரிடம் கைநீட்டிப் பேசினாலும் கணிப்பொறி அதனைக் கட்டளையாகக் கொள்வதில்லை. மிகச் சாதாரணமாகத் தோன்றும் இப்பண்பின் அருமை, சைகைக் கருவிகளைப் பயன்படுத்தும்போதுதான் புலப்படுகிறது.

சுட்டெலியின் திறனை அளந்தறியவும் ஒரு விதி உண்டு. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்னும் உளவியல் அறிஞர், கையால் ஓர் இலக்கைச் சென்றடைய ஆகும் நேரம், இலக்கின் தூரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது என்று காட்டினார். தூரம் இருமடங்கானால் நேரம் இருமடங்காவதில்லை; ஒரு குறிப்பிட்ட சிறு அளவே கூடுகிறது. இலக்கின் அகலம் பாதியாகும்போதும் அதே அளவு கூடுகிறது. 1978-இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் சுட்டெலியைப் பிற சுட்டும் கருவிகளோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது, சுட்டெலியே விரைவாக இருக்கக் கண்டனர். அதன் வேகத்திற்கு எல்லை வகுப்பது கருவியன்று. கண்ணும் கையும் இணைந்து இயங்கும் மனித ஆற்றலே எல்லை வகுக்கிறது என்பதும் புலனாயிற்று. புதிய கருவி எதுவாயினும் இந்த அளவுகோலைக் கடந்தாக வேண்டும்.

சைகையைக் கருவி அறியும் முறைகள்

கையின் அசைவைக் கணிப்பொறிக்கு உணர்த்த நான்கு முறைகள் கையாளப்படுகின்றன.

முதல் முறை கையுறை. 1977-இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு கையுறை செய்யப்பட்டது. அதில் விரலோடு ஒட்டி வளையும் குழாய்கள் இருந்தன. குழாயின் ஒரு முனையில் விளக்கும் மறுமுனையில் ஒளியை உணரும் கருவியும் வைக்கப்பட்டன. விரல் மடங்கினால் குழாய் வளையும். மறுமுனையை அடையும் ஒளி குறையும். அக்குறைவிலிருந்து விரல் எவ்வளவு மடங்கியது என்பது கணிக்கப்பட்டது. 1987-ஐ ஒட்டி, ஒளியிழைகள் பதித்த கையுறைகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. 1989-இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் விளையாட்டுக் கருவிக்கெனவும் ஒரு கையுறை வெளிவந்தது. எனினும் அது விரைவிலேயே மறைந்தது.

இரண்டாம் முறையில் ஒளிப்படக் கருவி கையைப் பார்க்கிறது. குஜராத் மாநிலத்துப் பாலன்பூரைச் சேர்ந்த பிரணவ் மிஸ்திரி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அமைத்த 'சிக்ஸ்த் சென்ஸ்' என்னும் சாதனம் இவ்வகையினது. கழுத்தில் தொங்கும் சிறு ஒளிப்படக் கருவி, விரல் நுனிகளில் அணிந்த வண்ண உறைகளைக் கண்டு அசைவை அறியும். உடன் தொங்கும் சிறு ஒளிவீச்சுக் கருவி, சுவரிலோ உள்ளங்கையிலோ படத்தைக் காட்டும். 2009 நவம்பரில் மைசூருவில் நடந்த மாநாட்டில் அவர் இதனை விளக்கியபோது, விசைப்பலகையின் காலம் முடிந்துவிட்டதெனப் பலரும் எண்ணினர். ஆயினும் அச்சாதனம் கடைகளில் விற்கும் பொருளாக உருப்பெறவில்லை.

மூன்றாம் முறைக்கு அடிப்படை முடுக்கமானி. சிலிக்கான் துண்டு ஒன்றில், கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறிய எடை ஒன்று மெல்லிய வில்களால் தாங்கப்பட்டிருக்கும். கருவியைத் திடீரென அசைத்தால், ஓடத் தொடங்கும் பேருந்தில் நிற்பவர் பின்னோக்கிச் சாய்வது போல, அவ்வெடை சற்றே பின்தங்கும். அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கிடையே மின்னேற்பு அளவு மாறும். அம்மாற்றத்திலிருந்து முடுக்கம் கணிக்கப்படும். இன்றைய கைப்பேசிகளிலும் கைக்கடிகாரக் கருவிகளிலும் இதுவே உள்ளது.

நான்காம் முறை தசையின் மின்சாரத்தை அறிவதாகும். விரல்களை இயக்கும் தசைகளிற் பல உள்ளங்கையில் இல்லை, முன்கையில் உள்ளன. அவை நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. தசை சுருங்குமுன் அதில் மிகச் சிறிய மின்மாற்றம் தோன்றுகிறது. மணிக்கட்டில் அணியும் பட்டையின் உட்புறத்து உலோகப் புள்ளிகள் அதனை உணர்கின்றன. மெட்டா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இம்முறையைப் பற்றி 2025 ஜூலையில் 'நேச்சர்' இதழில் விரிவான கட்டுரை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் இத்தகைய பட்டையைத் திரையுள்ள மூக்குக்கண்ணாடியுடன் சேர்த்து அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது.

பெங்களூரில் நடந்த முயற்சிகள்

1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகமும், 1954-இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் பெங்களூரில் உள்ளன. இவ்விரண்டிற்கும் தொடர்புடைய ஒரு முயற்சி, சைகையால் இயங்கும் கருவிகளின் வரலாற்றில் நினைக்கத் தக்கது. அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் என்னும் நிறுவனத்தின் பொறியாளர்களும் இணைந்து 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை உருவாக்கினர். எளிமை, விலைக்குறைவு, பன்மொழிப் பயன் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். அதில் விசைப்பலகையும் இல்லை, சுட்டெலியும் இல்லை. திரையைச் சிறு கோலால் தொட்டு இயக்க வேண்டும். 2001-இல் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட அது, 2004-இல் 'அமிடா' என்ற பெயருடன் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் துணையோடு விற்பனைக்கு வந்தது.

அமிடாவினுள் ஒரு முடுக்கமானி வைக்கப்பட்டிருந்தது. படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தைத் திருப்ப வேண்டுமாயின், கருவியைப் பிடித்த கையின் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் போதும். கையடக்கக் கணிப்பொறியில் இத்தகைய ஏற்பாடு அந்நாளில் மிகவும் புதியது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் வெளிவந்து, கருவியைத் திருப்பினால் திரையும் திரும்பும் என்பதை உலகெங்கும் மக்கள் பழகியது 2007-க்குப் பின்னரே.

கர்நாடகத்தில் நில ஆவணப் பணியிலும் சத்தீஸ்கரில் கல்விப் பணியிலும் சிம்ப்யூட்டர் பயன்படுத்திப் பார்க்கப்பட்டது. ஆயினும் அது எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. நாளடைவில் கைப்பேசிகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. கருவி மறைந்தபோதிலும் அது புகட்டிய பாடம் மறையவில்லை. மணிக்கட்டுச் சுண்டல் பக்கத்தைத் திருப்ப ஏற்றதாயிருந்தது. காரணம், அக்கட்டளைக்கு 'அடுத்தது', 'முந்தியது' என்னும் இரண்டே பொருள்கள். எழுத்துகளை உள்ளிடும் வேலைக்கு அச்சுண்டல் பயன்படுத்தப்படவில்லை. அதற்குக் கோலும் திரையுமே வேண்டியிருந்தன.

எழுத்துகளை உள்ளிடும் சிக்கலுக்கு மற்றொரு முயற்சி விடை தேடியது. ஹியூலெட்-பக்கார்டு நிறுவனம் 2002-இல் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தைத் தொடங்கியது. அங்கு இந்திய மொழிகளுக்கென 'சைகை விசைப்பலகை' ஒன்று உருவாக்கப்பட்டது. மெய்யெழுத்துகளுக்குரிய கட்டங்கள் அச்சிடப்பட்ட பலகையும் ஒரு கோலும் அதன் உறுப்புகள். வேண்டிய எழுத்தின் கட்டத்தைக் கோலால் தொட்டால் அவ்வெழுத்து பதியும். அக்கட்டத்தின் மீதே உயிர்க்குறியை வரைந்தால், குறி சேர்ந்த எழுத்து பதியும். இம்முறையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால், ககரக் கட்டத்தின் மேல் கொம்பு வரைய 'கெ' தோன்றும். சுழி வரைய 'கி' தோன்றும் எனலாம்.

இதன் நுட்பம் கருதத்தக்கது. தமிழில் 12 உயிர்களும் 18 மெய்களும் கூடி 216 உயிர்மெய்கள் ஆகின்றன. ஆய்தத்தோடு எழுத்துகள் 247. இத்தனைக்கும் தனித்தனிச் சைகை வகுத்தால் நினைவில் நிற்கா. ஒன்றோடொன்று மயங்கவும் செய்யும். பெங்களூரு ஆய்வகம் அப்பாரத்தை இரண்டாகப் பிரித்தது. எந்த மெய் என்பதை இடமே கூறிவிடுகிறது. எந்த உயிர் என்பதை மட்டும் சைகை கூறினால் போதும். பள்ளியில் எழுதப் பழகிய குறிகளே சைகைகளானமையால், புதிதாகக் கற்க வேண்டியதும் குறைவு.

1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' விசைப்பலகையும் இதே பகுப்பை வேறு வகையிற் செய்கிறது. அதில் உயிர்கள் இடக்கையின் பக்கமும், மெய்கள் வலக்கையின் பக்கமும் அமைந்துள்ளன. 'கு' என்பதற்குக் ககர விசையையும் உகர விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் போதும். இரு கைகளும் மாறி மாறி இயங்குவதால் வேகம் கிடைக்கிறது. ஒரு கையால் கோல் பிடித்து வரைவோருக்கு இந்த வாய்ப்பு இல்லை. புதிதாகப் பழகுவோருக்குச் சைகைப் பலகை எளிது. நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுதுவோருக்கு விசைப்பலகையே விரைவானது. சைகைப் பலகை பரவலாக நிலைபெறவில்லை. தொடுதிரைக் கைப்பேசிகள் பெருகியபின், திரையிலேயே தோன்றும் விசைப்பலகைகள் மக்களின் அன்றாடத் தேவையை நிறைவு செய்தன.

சைகைக்கு உள்ள தடைகள்

உடலில் அணியும் சைகைக் கருவிகள் விசைப்பலகையின் இடத்தைப் பிடிக்க முடியாமைக்குக் காரணம் தொழில்நுட்பக் குறைபாடு மட்டுமன்று. சில தடைகள் உடலமைப்பைச் சார்ந்தவை.

கையை முன்னே நீட்டி அந்தரத்தில் வைத்திருந்தால், சில நிமிடங்களிலேயே தோள் வலிக்கத் தொடங்கும். தாங்குவதற்கு மேசை இல்லாமையால், முன்னர்க் கூறிய 3 கிலோகிராம் எடையைத் தோள் தசையே சுமக்க வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் நெடுநேரம் எழுதும் ஆசிரியர்கள் இதனை நன்கு அறிவர். எட்டு மணி நேர அலுவலுக்கு அந்தரத்தில் கை வீசுதல் ஒவ்வாது. ஆதலால் இக்காலக் கருவிகள் பெருவீச்சுச் சைகைகளை விட்டு, கையை மடியிலோ மேசையிலோ வைத்தபடி விரல்களை மட்டும் சிறிது அசைக்கும் முறைக்குத் திரும்பியுள்ளன.

அடுத்த தடை, கருதிய அசைவையும் கருதாத அசைவையும் வேறுபடுத்துவதாகும். தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டுமென வரம் பெற்று, உணவும் பொன்னாகிவிட வருந்திய மைடாஸ் மன்னனின் பெயரால் விஞ்ஞானிகள் இச்சிக்கலைக் குறிப்பிடுகின்றனர். எந்நேரமும் கையைக் கவனித்திருக்கும் கருவிக்கு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்வதும் கட்டளையாகவே தோன்றக்கூடும். தொடக்கத்தைக் காட்டும் தனிச் சைகை ஒன்றை வைத்தால் இது குறையும். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு சைகைகள் செய்ய நேரிடும்.

மூன்றாவது, இடத்தை அறிவதில் பிழை பெருகுதல். முடுக்கமானி அளப்பது முடுக்கத்தை. கை இருக்கும் இடத்தையன்று. முடுக்கத்திலிருந்து வேகத்தையும், வேகத்திலிருந்து இடத்தையும் கணக்கிட்டே பெற வேண்டும். அளவில் வினாடிக்கு வினாடி 0.01 மீட்டர் என்னும் மிகச் சிறு நிலையான பிழை இருப்பதாகக் கொள்க. 10 வினாடியில் இடக்கணக்கு அரை மீட்டர் தவறிவிடும். ஒரு நிமிடத்தில் தவறு 18 மீட்டராகிவிடும். பிழை, நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதே காரணம். ஆகவே முடுக்கமானியால் 'சுண்டினான்', 'சாய்த்தான்', 'குலுக்கினான்' என்பனவற்றைச் செவ்வனே அறியலாம்; சுட்டெலி போல் ஒரு புள்ளியை நெடுநேரம் துல்லியமாகப் பின்தொடர அது ஒன்றே போதாது.

நான்காவது, சுட்டுவதும் தெரிவதும் ஒரே கையாற் செய்யப்படுவதால் வரும் தடுமாற்றம். சுட்டெலியில் மேசை கையை நிலைநிறுத்த, விரல் மட்டும் பொத்தானை அழுத்துகிறது. அந்தரத்தில் சுட்டும் கையோ, தெரிவைக் குறிக்க விரலை மடக்கும் அக்கணத்திலேயே அசைந்து இலக்கினின்றும் விலகிவிடுகிறது. விரலுக்குத் தட்டுப்பட எதுவும் இல்லாமையால், கட்டளை ஏற்கப்பட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தே அறிய வேண்டியும் இருக்கிறது.

கடைசியாக, வேகமும் பிழையும். 2018-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் வெளியிட்ட ஆய்வு, 1,68,000 பேர் செய்த 13 கோடியே 60 இலட்சம் விசையழுத்தங்களை ஆராய்ந்தது. விசைப்பலகையில் சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 ஆங்கிலச் சொற்கள் எனக் கண்டது. 2025-இல் விவரிக்கப்பட்ட மணிக்கட்டுப் பட்டையை அணிந்து, பேனா பிடித்தாற்போல் விரல்களைக் குவித்து எழுதியவர்கள் நிமிடத்துக்கு 20.9 சொற்களை எட்டினர். பேனாவால் எழுதும் வேகத்துக்கு இது அருகே நிற்பதால் வியக்கத்தக்க முன்னேற்றமே. எனினும் விசைப்பலகையின் வேகத்தில் பாதிக்கும் குறைவு. நூற்றுக்கு 99 எழுத்துகளைச் சரியாக அறியும் கருவியும், 1,500 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கத்தில் 15 பிழைகளை விட்டுச்செல்லும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பட்டியலில் பயனாளியின் பெயரோ நிலத்தின் சர்வே எண்ணோ மாறிவிட்டால் விளையும் துன்பத்தைக் களப்பணியாளர் அறிவர்.

விசைப்பலகை எட்டாத இடம்

இவ்வாறு கூறுவதால் சைகைக் கருவிகள் பயனற்றவை என்று முடிவு செய்தல் தவறாகும். விசைப்பலகையின் சிறப்புகளாக மேலே கூறிய நான்கும், பயன்படுத்துவோரின் விரல்கள் அவர் சொற்படி இயங்கும் என்னும் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டவை. பெருமூளை வாதத்தால் பேச்சும் கையசைவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு அவ்வடிப்படை இல்லை. அவருக்கு 52 சொற்கள் என்னும் வேகத்தால் பயன் யாது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்தா பிஸ்வாஸ் தலைமையிலான ஆய்வகம் இத்துறையில் பணியாற்றி வருகிறது. அவ்வாய்வகத்தார், சென்னையிலுள்ள 'வித்யாசாகர்' என்னும் மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்துடன் சேர்ந்து, கண்ணின் பார்வையால் இயக்கும் ஏற்பாட்டை அமைத்தனர். சாதாரண ஒளிப்படக் கருவி முகத்தைக் காண்கிறது; கண் திரையின் எப்பகுதியை நோக்குகிறது என்பதைக் கணிப்பொறி அறிகிறது; அதற்கேற்ப ஓர் இயந்திரக் கை பொருளை எடுத்து வைக்கிறது. தலையிலோ உடலிலோ எதனையும் அணிய வேண்டியதில்லை. கடுமையான குறைபாடு உடையவர்களும் ஒரு பொருளை எடுத்து வேறிடத்தில் வைக்கும் வேலையைச் சராசரியாக 15 வினாடிக்குள் செய்தனர் என்றும், எங்கேனும் குறிக்கப்பட்ட இலக்கை 60 வினாடிக்குள் அடைந்தனர் என்றும் ஆய்வின் முடிவு கூறுகிறது. துணியில் அச்சுப் பதிக்கும் தொழிலுக்கு இதனைப் பயன்படுத்தும் நோக்கமும் உண்டு.

இவ்வாய்வில் கவனிக்கத்தக்கது ஒன்றுள்ளது. இத்தகையோரின் பார்வை ஓரிடத்தில் நிலைத்து நில்லாமல் தம் விருப்பமின்றியே அலைவதும் உண்டு. ஆகவே மற்றவர்களுக்குச் செய்த கருவியை அவர்களுக்குக் கொடுப்பது போதாது. பார்வை எங்கு எளிதிற் செல்கிறது என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்பத் திரையை அமைக்க வேண்டியிருந்தது. கருவிக்கு மனிதனைப் பழக்குவதை விட, மனிதனுக்கேற்பக் கருவியை அமைப்பதே இங்கு வெற்றி தந்தது.

காதுகேளாதோரின் சைகைமொழியைப் பேச்சாக மாற்றும் கையுறைகளைப் பற்றியும் ஒரு சொல். பொறியியற் கல்லூரி மாணவர்கள் இவற்றை ஆர்வத்தோடு செய்கின்றனர். ஆனால் சைகைமொழி கைவிரல்களால் மட்டும் ஆனதன்று. புருவம், வாய், தலையசைவு, உடலின் திருப்பம் யாவும் அதன் இலக்கணத்திற் சேர்ந்தவை. கையுறை இவற்றைக் காண்பதில்லை. 2015-இல் புதுதில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி பயிற்சி மையம், 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. காதுகேளாத மாணவருக்கு உடனடியாக உதவுவது கையுறையன்று. அம்மொழியைக் கற்றறிந்த ஆசிரியரே.

பள்ளியிலும் களத்திலும்

மேற்கூறியவற்றை மாணவர்கள் தாமே கண்டறியுமாறு சில எளிய சோதனைகளை வகுப்பறையில் செய்யலாம்.

ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் 'ஃபைஃபாக்ஸ்' என்னும் செயலி, கைப்பேசியின் முடுக்கமானி அளவுகளைத் திரையில் வரைந்து காட்டும். கைப்பேசியை மேசைமீது அசையாமல் வைத்தால், புவியீர்ப்பு காரணமாக ஏறத்தாழ 9.8 என்னும் அளவு தெரியும். செங்குத்தாக நிறுத்தினால் அவ்வளவு வேறு அச்சுக்கு மாறும். கைப்பேசி எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை அது அறிவது இவ்வாறே. அடுத்து, புவியீர்ப்பை நீக்கிக் காட்டும் பகுதியைத் திறந்தால், அசையாத நிலையிலும் கோடு முற்றிலும் பூச்சியத்தில் நில்லாது நடுங்குவதைக் காணலாம். இடக்கணக்கில் பிழை வளர்வதற்குரிய வித்து அந்நடுக்கமே.

இரண்டாவது சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். மாணவர் இருவரில் ஒருவர் ஒரு பத்தியைத் தாளில் எழுத, மற்றவர் கையை நீட்டி அந்தரத்தில் எழுதட்டும். யார் முதலில் கையைத் தாழ்த்துகிறார் என்பதையும், எத்தனை நிமிடத்தில் என்பதையும் குறிக்கலாம். மூன்றாவதாக, ஏதேனும் ஒரு சைகையைக் 'கட்டளை' எனத் தீர்மானித்து, ஒரு மாணவர் பத்து நிமிடம் இயல்பாக உரையாடும்போது அச்சைகை தன்னையறியாமல் எத்தனை முறை வந்தது என மற்றவர்கள் எண்ணலாம். எந்தச் சைகை மிகக் குறைவாகத் தானாக வருகிறதோ அதுவே கட்டளைக்கு ஏற்றது.

களப்பணியில், கைகள் நனைந்தோ சேறுபட்டோ கையுறைக்குள்ளோ இருக்கும்போது, அழைப்பை ஏற்றல், நிறுத்தல், அடுத்த பக்கத்துக்குச் செல்லல் போன்ற இரண்டொரு கட்டளைகளுக்கு மணிக்கட்டுக் கருவி உதவும். பெயர், எண், அளவு ஆகியவற்றைப் பதிய விசைகளையே பயன்படுத்தி, பதிந்ததைப் படித்துச் சரிபார்த்தல் நலம்.

பள்ளிகளைப் பொறுத்தவரை, சைகைக் கருவிகள் வரப்போகின்றன என்று கருதி, பத்து விரல்களாலும் தட்டச்சு செய்யும் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. தமிழ் 99 முறையில் பெறும் பயிற்சி மாணவருக்கு நெடுங்காலம் பயன்படும். அதே வேளையில், விரல்கள் இயங்காத மாணவன் ஒருவன் வகுப்பில் இருப்பின், விசைப்பலகையில் அவனால் எழுத இயலவில்லை என்பதைக் கொண்டு அவனால் கற்க இயலாதென முடிவு செய்தலாகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவனுக்குத் தக்க வசதிகளை உரிமையாக்கியுள்ளது. ஆசிரியர் முதலில் அறிய வேண்டுவது, அம்மாணவன் தன் விருப்பப்படி தவறாது செய்யக்கூடிய அசைவு எது என்பதே. அது தலையின் திருப்பமாகவோ, முழங்காலின் அழுத்தமாகவோ, கண்ணின் நோக்காகவோ இருக்கலாம். அவ்வோர் அசைவைக் கண்டுகொண்டால், அதனைக் கணிப்பொறியோடு இணைக்கும் வழிகள் இன்று உண்டு.

ஆகவே, சைகைக் கருவி விசைப்பலகைக்கு மாற்றாகுமா என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. நீண்ட எழுத்து வேலைக்கும் நுண்ணிய வரைவுக்கும் விசைப்பலகையும் சுட்டெலியும் இன்றளவும் சிறந்தவை. ஒரு சொற் கட்டளைகளுக்குச் சைகை போதுமானது. விசைப்பலகையை அணுகவே இயலாதவர்களுக்கோ சைகைக் கருவி மாற்றன்று. அதுவே முதற் கருவி. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்து, பயன்படுத்துவோரின் கையையும் வேலையையும் பார்த்துக் கருவியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.